யார் பக்கத்து ரத்தம்?

செராஸ் பண்டார் துன் ரசாக்கில், தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையைச் சுற்றியுள்ள சாப்பாட்டுக் கடைகளில் காலை பத்து பத்தரைக்குப் போனால், கிளினிக் முடிந்து வரும் குடும்பங்களைப் பார்க்கலாம். தே தாரிக் சொல்லிவிட்டு அடுத்த தேதியைப் பற்றியும் மருந்தைப் பற்றியும் பேசிக்கொண்டிருப்பார்கள். பிள்ளைக்குப் பிறவியிலேயே வந்த நோய் என்றால் மட்டும் பேச்சு வேறு பக்கம் திரும்பும். "எங்க பக்கம் யாருக்கும் இப்படி இல்லையே" என்று ஒருவர் சொல்வார். பெரும்பாலும் பிள்ளையின் அப்பாவைப் பெற்றவர். சொன்னவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். ஆனாலும் மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருக்கும் தாய் அந்த நிமிடமே குற்றவாளிக் கூண்டில் ஏறிவிடுகிறாள். அந்த மேசையில் எனக்கும் ஒரு நாற்காலி கிடைத்தால் என்ன சொல்வேனோ, அதை இங்கே சொல்கிறேன். அவசரம் வேண்டாம், தே ஆறட்டும்.

பையில் 20 சென் காசு இரண்டு இருந்தால் மேசையில் வையுங்கள். ஒன்று அப்பாவுடையது, ஒன்று அம்மாவுடையது. நம் காசில் உண்மையிலேயே பூ இருக்கிறது, செம்பருத்தி. பூ விழுந்தால் நல்ல மரபணு, மறுபக்கம் விழுந்தால் பழுதானது என்று வைத்துக்கொள்வோம். நம் உடம்பில் அநேகமாக ஒவ்வொரு மரபணுவும் இரண்டு பிரதிகளாக இருக்கிறது. ஒன்று அப்பா கொடுத்தது, மற்றது அம்மா கொடுத்தது. ஒரு பிரதி பழுதாக இருந்தாலும் மற்றொன்று வேலையைப் பார்த்துக்கொள்ளும் என்றால், அந்த ஆள் ஆயுசுக்கும் ஆரோக்கியமாக இருப்பார். தனக்குள் பழுது இருப்பதே அவருக்குத் தெரியாது. இப்படிப்பட்டவரைக் கேரியர் என்கிறார்கள். கேரியர் ஒருவரும் கேரியர் ஒருவரும் கல்யாணம் செய்துகொண்டால்தான் இந்த இரண்டு காசு விளையாட்டு தொடங்கும்.

சுண்டிப் பாருங்கள். இரண்டிலும் பூ விழ நாலில் ஒரு வாய்ப்பு. ஒன்றில் மட்டும் பூ விழ நாலில் இரண்டு. அந்தப் பிள்ளை பெற்றோரைப் போலவே கேரியர். இரண்டிலும் மறுபக்கம் விழ நாலில் ஒன்று. அந்தப் பிள்ளைக்குத்தான் நோய். தலசீமியா இந்த வகை. நம் நாட்டில் 2016 முதல் நான்காம் படிவ மாணவர்களுக்கு இதற்கான ரத்தப் பரிசோதனையை அரசாங்கம் செய்துவருகிறது. பள்ளியிலிருந்து வரும் அந்த ஒப்புதல் தாளைப் படிக்காமல் மூலையில் போடும் வீடுகள் உண்டு. தயவுசெய்து கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். பதினாறு வயதில் தெரிந்துகொண்டால், கல்யாணம் பேசும் வயதில் பதறாமல் யோசிக்கலாம்.

"எங்க பக்கம் யாருக்கும் இல்லையே" என்ற பேச்சு எங்கே பிசகுகிறது என்று இப்போது தெரியும். யாருக்கும் நோய் வராமலே, ஒரு பழுது ஐந்தாறு தலைமுறை சத்தமில்லாமல் ஒரு குடும்பத்தில் இறங்கி வரலாம். பிள்ளைக்கு நோய் வர இரண்டு பக்கமும் ஒவ்வொன்று கொடுத்திருக்க வேண்டும். கணக்கில் சரிபாதி. தாயை மட்டும் கைகாட்டுவதற்கு இதில் இடமே இல்லை.

இன்னொரு பிசகு இதைவிட அதிகமாகக் காதில் விழுகிறது. "நாலில் ஒன்றுதானே, முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைகளுக்குப் பயமில்லை." போன தடவை என்ன விழுந்தது என்பது காசுக்குத் தெரியாது. இரண்டாவது பிள்ளைக்கும் நாலில் ஒன்று, மூன்றாவதற்கும் நாலில் ஒன்று. இதைக் கேட்டதும் சில தாய்மார் முகம் சுருங்கிப்போவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் இது தெரியாமல் அடுத்த பிள்ளைக்குத் தயாராவதை விட, தெரிந்து தயாராவது மேல் என்றே நினைக்கிறேன்.

எல்லா நோயும் இரண்டு காசு வகை இல்லை. மலேசியாவில் பிள்ளை பெற்ற எல்லாருக்கும் ஜி6பிடி என்ற பெயர் பழக்கம். பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்தில் பார்ப்பார்கள். குறைபாடு இருந்தால் துணிப் பெட்டியில் அந்துருண்டை போடாதீர்கள், கச்சாங் பாராங் என்ற அவரை வகையைக் கொடுக்காதீர்கள் என்று நர்ஸ் சொல்லி அனுப்புவார். அதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆண் பிள்ளைக்கு எக்ஸ் ஒன்றுதான், அது தாயிடமிருந்து வருவது. அதனால்தான் பையன்களுக்கு அதிகம். இங்கே தாய் வழியில் வந்தது உண்மை. ஆனால் அவளுக்கு அதை அவளுடைய அப்பாவும் கொடுத்திருக்கலாம். தன் இரண்டு எக்ஸில் எதைப் பிள்ளைக்குக் கொடுப்பது என்று எந்தத் தாயும் தேர்ந்தெடுக்க முடியாது.

யார் பக்கத்திலிருந்தும் வராத நோய்களும் நிறைய உண்டு. டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளில் சுமார் 95 விழுக்காட்டினருக்குக் காரணம், கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது 21ஆம் குரோமோசோம் சரியாகப் பிரியாமல் போனது. அது பரம்பரைச் சொத்து இல்லை. குள்ளமாகப் பிறக்கும் அகாண்ட்ரோபிளாசியா பிள்ளைகளில் பத்தில் எட்டுப் பேருக்குப் பெற்றோர் இருவரும் சராசரி உயரமே. டுஷென் தசைச் சிதைவு நோயில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, அந்தப் பிள்ளையிடமே புதிதாக நேர்ந்த மாற்றம். ஆக, "யார் பக்கத்து ரத்தம்?" என்ற கேள்விக்குப் பல சமயம் மருத்துவம் தரும் பதில், "யாருடையதும் இல்லை."

இனி நம் வீட்டுக்குள் வருவோம். சொந்தத்தில் கட்டுவது. அத்தை மகன், மாமன் மகள், அக்காள் மகள். எங்கள் குடும்பத்திலும் உண்டு, உங்கள் குடும்பத்திலும் இரண்டு தலைமுறை பின்னால் போனால் இருக்கும். கங்காணி ஒரே ஊரிலிருந்து, பெரும்பாலும் ஒரே உறவுக் கூட்டத்திலிருந்து ஆள் திரட்டிக் கப்பலேற்றினான்; தோட்டத்து லயத்தில் பெண் கொடுத்துப் பெண் எடுத்ததும் அந்த வட்டத்துக்குள்தான். நம் நாட்டுச் சட்டமே இந்த வழக்கத்துக்கு இடம் விட்டிருக்கிறது. 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம், 11ஆம் பிரிவில், யார் யாரை மணக்கக்கூடாது என்று பட்டியல் போடுகிறது. சித்தப்பா, மாமா, அண்ணன் மகள், அக்காள் மகள் எல்லாம் தடை. ஆனால் அதோடு ஒரு விலக்கும் சேர்த்திருக்கிறது: இந்து ஒருவர் தம் வழக்கப்படி அக்காள் அல்லது தங்கை மகளையோ, பெண் தன் தாய்மாமனையோ மணப்பதை இந்தப் பிரிவு தடுக்காது. 1982 மார்ச்சில் நடப்புக்கு வந்த சட்டம் அது. தமிழ்நாட்டில் இந்த வழக்கம் இன்னும் வலுவாகவே இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி அங்கே மணமான பெண்களில் நாலில் ஒருவருக்கும் மேல் சொந்தத்தில் வாழ்க்கைப்பட்டவர்கள்.

இதில் ஆபத்து எவ்வளவு? "எல்லாம் குறைப் பிள்ளையாகப் பிறக்கும்" என்பதும் பொய், "ஒன்றும் ஆகாது, எங்கள் தாத்தா பாட்டி நன்றாகத்தானே இருந்தார்கள்" என்பதும் பொய். கணக்கைப் பாருங்கள். ஒரு நோயின் பழுது 200 பேரில் ஒருவரிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உறவில்லாத இருவர் மணந்தால் இருவருமே கேரியராக இருக்க 200இல் ஒன்றை 200இல் ஒன்றால் பெருக்க வேண்டும். அதில் நாலில் ஒரு பிள்ளைக்கு நோய். 1,60,000இல் ஒன்று வருகிறது. அத்தை மகன், மாமன் மகள் என்றால் ஒருவரிடம் உள்ள மரபணு மற்றவரிடமும் இருக்க எட்டில் ஒரு வாய்ப்பு. கணக்கு ஏறத்தாழ 6,400இல் ஒன்றாக மாறுகிறது. மாமனும் அக்காள் மகளும் என்றால் நாலில் ஒன்று, 3,200இல் ஒன்று.

இது ஒரே ஒரு நோய்க்கான கணக்கு. எல்லா நோய்களையும் சேர்த்துப் பார்த்தால், உறவில்லாத எந்தத் தம்பதிக்கும் பிறவிக் குறைபாட்டுக்கு நூற்றுக்கு இரண்டு மூன்று வாய்ப்பு இருக்கவே செய்கிறது. அத்தை மகன், மாமன் மகள் உறவில் மணந்தவர்களுக்கு அதோடு இன்னும் இரண்டு மூன்று சேரும். தாய்மாமன் உறவில் அதைவிடக் கூடும். அதாவது அத்தை மகனைக் கட்டியவளுக்கு நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு ஐந்து பிள்ளைகள் நன்றாகவே பிறக்கும். ஆனால் குடும்பத்தில் ஏற்கெனவே ஒரு பிள்ளைக்கு ஓர் அரிய நோய் வந்திருந்தால் இந்தப் பொதுக் கணக்கு செல்லாது. அப்போது அந்தக் குடும்பத்துக்கென்று தனியாகப் போட வேண்டும். அங்கேதான் விவரம் தெரிந்த ஆள் தேவைப்படுகிறார்.

"நாங்கள் சொந்தத்தில் கட்டவில்லையே" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2017இல் ஹைதராபாதின் தங்கராஜ், ஹார்வர்டின் டேவிட் ரைக் உள்ளிட்ட மரபியல் ஆய்வாளர்கள் தெற்காசியாவில் 260க்கும் மேற்பட்ட சமூகக் குழுக்களின் மரபணுக்களைப் பார்த்தார்கள். அதில் 81 குழுக்கள், பின்லாந்து மக்களையும் அஷ்கெனாசி யூதர்களையும் விட இறுக்கமாகச் சில மூதாதையரிடமிருந்தே வந்திருக்கின்றன. சாதிக்குள்ளேயே நூறு தலைமுறை கட்டிக்கொண்டால், உறவே இல்லை என்று நினைக்கும் இருவரும் மரபணுவில் தூரத்து உறவினர்கள்தான். ஆந்திரத்து வைசிய சமூகத்தில் சிலருக்கு, அறுவை சிகிச்சைக்கு முன் கொடுக்கும் ஒரு வகைத் தசைத் தளர்ச்சி மருந்து நேரத்தில் இறங்காமல் மூச்சுத் திணறுவது இதனால் வந்ததே. சாதி பார்த்துக் கட்டுவதற்கு எதிராக எத்தனையோ நியாயங்கள் ஏற்கெனவே உண்டு. அவற்றோடு இதையும் தயங்காமல் சேர்த்துக்கொள்கிறேன்.

இவ்வளவையும் ஒரு குடும்பத்திடம் உட்கார்ந்து சொல்வதற்கென்றே ஒரு வேலை இருக்கிறது: மரபணு ஆலோசகர். அவர் மருத்துவர் இல்லை, மரபியல் மருத்துவரோடு சேர்ந்து வேலை செய்பவர். முதல் சந்திப்பில் அவர் பெரும்பாலும் ஒரு வெள்ளைத் தாளோடு தொடங்குவார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். நோய் வந்தவர் என்றால் உள்ளே கறுப்பு. இறந்தவர் மேல் குறுக்காக ஒரு கோடு. கலைந்த கருவுக்குச் சின்ன முக்கோணம். கணவனையும் மனைவியையும் சேர்க்க ஒரு கோடு. அவர்கள் சொந்தம் என்றால் இரட்டைக் கோடு. எந்தப் பிள்ளைக்காக வந்தார்களோ அந்தப் பிள்ளையை ஓர் அம்புக்குறி காட்டும். மூன்று தலைமுறை வரைந்து முடிப்பதற்குள் குடும்பமே மறந்துபோன ஒரு பெயர் வெளியே வரும். தோட்டத்தில் இரண்டு வயதில் "காய்ச்சலில் போய்விட்டது" என்று விட்டுவிட்ட அத்தையின் பிள்ளையைப் பற்றிப் பாட்டி அப்போதுதான் வாய் திறப்பார். கேட்கும் ஆள் பாட்டியின் மொழியில் கேட்டால் மட்டுமே அது நடக்கும்.

இந்த வேலைக்கு இன்றைய பெயரை வைத்தவர் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் இருந்த ஷெல்டன் ரீட், 1947இல். அதற்கு முந்தைய அரை நூற்றாண்டில் "நல்ல வித்து, கெட்ட வித்து" என்று மனிதரைப் பிரித்து, கட்டாயக் கருத்தடை வரை போன நாடுகள் பல. ரீட் அந்தப் பாதையை வேண்டாம் என்று தள்ளினார். ஆலோசகர் தகவலைச் சொல்ல வேண்டும், முடிவைக் குடும்பத்திடம் விட வேண்டும் என்ற வழக்கம் அந்தக் காலத்து வடுவிலிருந்து பிறந்தது. 1969இல் நியூயார்க்கின் சாரா லாரன்ஸ் கல்லூரியில் இதற்கென்று முதல் முதுநிலைப் படிப்பு தொடங்கியது. ஐம்பது ஆண்டு கழித்தும் உலகம் முழுவதிலும் சுமார் 7,000 பேர்தான் இந்தத் தொழிலில் இருந்தார்கள், அவர்களில் பாதிக்கும் மேல் அமெரிக்காவில்.

முடிவைக் குடும்பத்திடம் விடுவது என்றால் கைகழுவுவது என்று பொருளில்லை. "கட்டாதே", "இனிப் பிள்ளை பெறாதே", "கலைத்துவிடு" என்று அவர் சொல்ல மாட்டார். ஆனால் ஒவ்வொரு வழியும் எங்கே போய்ச் சேரும் என்று பொறுமையாகக் காட்டுவார். மலேசியாவில் இந்த ஆலோசனை காலத்தோடு நடக்க வேண்டியது ஏன் தெரியுமா? தண்டனைச் சட்டத்தின் 312ஆம் பிரிவு, தாயின் உயிருக்கோ உடல், மன நலத்துக்கோ ஆபத்து என்றால்தான் கருக்கலைப்பை ஏற்கிறது. பிள்ளைக்குக் குறைபாடு என்பது தனியாக ஒரு காரணமாக அதில் இல்லை. ஆகவே வயிற்றில் பிள்ளை வந்த பிறகு ஓடுவதை விட, அதற்கு முன்பே ஒரு முறை போய்ப் பேசுவது நல்லது.

பிள்ளையை என்ன படிக்க வைப்பது என்று கேட்கும் பெற்றோரும் இதைக் கவனிக்கலாம். எஸ்.டி.பி.எம். முடித்ததும் நம் வீடுகளில் மருத்துவம், மருந்தகம், இல்லாவிட்டால் ஏமாற்றம் என்று மூன்றே கதவுகள். இதே செராஸில் மருத்துவப் புலத்தை வைத்திருக்கும் தேசியப் பல்கலைக்கழகம், மரபணு ஆலோசனைக்கென்று முதுநிலைப் படிப்பு நடத்துகிறது. இத்துறையில் நாட்டுக்கே அது முன்னோடி. உயிரியல், செவிலியம், உளவியல் போன்ற பட்டத்தோடு இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள்தான் உலகெங்கும் அதிகம். கணக்கும் வேண்டும், காது கொடுத்துக் கேட்கும் குணமும் வேண்டும். மேலாக நமக்குத் தமிழ் பேசும் ஆலோசகர்கள் வேண்டும். மலாயிலோ ஆங்கிலத்திலோ சொன்ன "25 விழுக்காடு", வீட்டுக்குப் போய்த் தமிழில் மறுபடி சொல்லப்படும்போது "உன்னால்தான்" என்று மாறிவிடுகிறது. மொழிபெயர்க்க உடன் வந்த பத்து வயது அக்காளிடம், தம்பியின் நோயைப் பற்றி அம்மாவுக்குச் சொல்லச் சொல்வது அந்தப் பெண்ணுக்கும் கொடுமை.

அரிய நோய் என்பதற்கு மலேசிய சுகாதார அமைச்சு வைத்திருக்கும் அளவு, 4,000 பேரில் ஒருவருக்குக் குறைவாக வருவது. ஐரோப்பாவில் 2,000இல் ஒருவர். ஒவ்வொன்றும் அரிது, ஆனால் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நோய்கள். சேர்த்தால் உலகில் 30 கோடிப் பேருக்கு ஏதோ ஒன்று இருக்கிறது. பத்தில் ஏழு மரபணு சார்ந்தவை. ஐரோப்பாவிலேயே நோயின் பெயரைக் கண்டுபிடிக்கச் சராசரியாக நாலரை ஆண்டுக்கு மேல் ஆகிறது. பெயர் தெரியாத அந்த ஆண்டுகள்தான் குடும்பத்தை அரிக்கின்றன. கோயில், மாந்திரீகம், திருஷ்டி, ஜாதகம் எல்லாம் அந்த இடைவெளியில்தான் நுழைகின்றன. பெயர் கிடைத்த அன்று அழுதுகொண்டே நிம்மதி அடையும் பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன்.

பெயர் கிடைத்தாலும் மருந்து கிடைக்குமா? சந்தை சிறியது என்பதால் மருந்து நிறுவனங்கள் இந்தப் பக்கமே திரும்பாத காலம் இருந்தது. அமெரிக்கத் தாய் தந்தையர் போராடி 1983இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். அரிய நோய்க்கு மருந்து செய்தால் ஏழாண்டு தனி விற்பனை உரிமை. அதன் பிறகு மருந்துகள் வந்தன, விலையும் வந்தது. முதுகெலும்புத் தசைச் சிதைவு நோய்க்கு 2019இல் அனுமதி பெற்ற, ஒரே தடவை ஏற்றும் மரபணு சிகிச்சையின் அப்போதைய அமெரிக்க விலை 21 லட்சம் டாலர். என்சைம் ஏற்றும் சிகிச்சைகள் ஆண்டுக்கு லட்சக்கணக்கான ரிங்கிட், ஆயுள் முழுக்க. மாதச் சம்பளக் குடும்பம் எதுவும் இதைச் சொந்தக் கையால் கட்ட முடியாது. அரசாங்கம் ஒதுக்கும் தொகைதான் கதி, அந்தத் தொகைக்கு வரிசை நீளம்.

வரிசையைச் சுருக்குவது சத்தம்தான். 2004இல் தொடங்கிய மலேசிய அரிய நோய்ச் சங்கமும், தசைச் சிதைவுப் பிள்ளைகளுக்காக இயங்கும் வீ கேர் ஜர்னியும் பெற்றோர் தோள் கொடுத்து நடத்துபவை. 2008 பிப்ரவரி 29இல், நாலாண்டுக்கு ஒரு முறை வரும் நாளிலேயே, முதல் அரிய நோய் நாள் நடந்தது. இப்போது ஆண்டுதோறும் பிப்ரவரிக் கடைசி நாளில். 2025 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை அரிய நோய்களுக்கென்று ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது. இந்தக் கூட்டங்களில் தமிழ் முகங்கள் இன்னும் அதிகம் வர வேண்டும். பிள்ளையை வெளியே காட்டினால் அக்காளுக்கு வரன் அமையாது என்ற பயம் நம்மைப் பின்னால் இழுக்கிறது. அந்தப் பயத்தைப் புரிந்துகொள்கிறேன். ஆனால் எண்ணிக்கையில் இல்லாத பிள்ளைக்கு யாரும் பணம் ஒதுக்குவதில்லை.

போக வேண்டும் என்று நினைத்தால், பக்கத்து அரசாங்க கிளினிக்கிலோ குழந்தை மருத்துவரிடமோ பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். கோலாலம்பூர் வட்டாரத்தில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் துங்கு அசிசா மருத்துவமனையிலும் மரபியல் மருத்துவர்கள் இருக்கிறார்கள். போவதற்கு முன் பாட்டியிடம் உட்கார்ந்து, யார் யாருக்கு என்ன பிள்ளைகள், சின்ன வயதில் இறந்தவர்கள் யார், கரு கலைந்தது எத்தனை, யார் யாருக்குச் சொந்தம் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மாமியாரையும் முடிந்தால் கூட்டிப் போங்கள். ஆலோசகர் வாயால் அவரே கேட்கட்டும்.

பரிசோதனை முடிவில் "பொருள் தெளிவாகாத மாற்றம்" என்று வந்தால் கலங்காதீர்கள். உலகின் மரபணுத் தரவுகளில் பெரும்பகுதி ஐரோப்பியர்களுடையது, நம்மவர் ரத்தம் அதில் குறைவு. அதனால் நம்மில் சாதாரணமாக இருப்பதா, நோய் தருவதா என்று சொல்ல முடியாமல் நிற்கும் மாற்றங்கள் நம் பிள்ளைகளிடம் அதிகம் தென்படுகின்றன. அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள். இரண்டு மூன்று ஆண்டு கழித்து அதே கிளினிக்குக்குப் போய், "இதை மறுபடி பார்த்துச் சொல்ல முடியுமா டாக்டர்?" என்று கேளுங்கள். இடையில் புதிய தரவு சேர்ந்து, சிலருக்குப் பதில் மாறியிருக்கிறது.